கடனைப் பாதியாக்கித் தருகிறோம் என்று வருபவர்களிடம் ஜாக்கிரதை: எங்கள் வீட்டில் போனது 47,200 ரூபாய்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போனது போகட்டும்" என்று விட்டுவிடுவேன், அவர்களுக்கு வேண்டியதும் அதுதான். 47,200 ரூபாய். வேலை போன வீட்டில் இந்தத் தொகைக்கு என்ன மதிப்பு என்று வேலை போன வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும். என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரருக்கு வேலை போய்விட்டது. ஆட்குறைப்பு என்று சொல்லவில்லை, ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டார்கள். நோட்டீஸ் காலச் சம்பளம் வந்தது, கிராஜுவிட்டி வரவில்லை. வேலையை விட்ட 30 நாளுக்குள் கொடுக்கவேண்டும் என்பது சட்டம், அதற்கு ஒரு தனிப் போராட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. என் சம்பளம் வாடகைக்கும் மளிகைக்கும் சரியாக இருக்கும், அதற்கு மேல் ஒரு ரூபாய் வராது. எங்களுக்கு ஒரு பர்சனல் லோன் உண்டு. மிச்சம் 4,60,000, மாதத் தவணை 14,300. அது போகக் கிரெடிட் கார்டு பாக்கி கொஞ்சம்.

வேலை போன அன்று இரவே ஒரு நோட்டை எடுத்துக் கணக்கு எழுத ஆரம்பித்தேன். எதை நிறுத்தலாம், எதைக் குறைக்கலாம், எதைத் தொடவே கூடாது என்று மூன்று பத்தி. நிறுத்தக்கூடியதெல்லாம் அந்த வாரமே நின்றது. தொடவே கூடாத பத்தியில் முதல் வரி 50,000 ரூபாய், மருத்துவக் காப்பீட்டுக்கு. நிறையப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள்: கம்பெனி கொடுத்த குரூப் இன்சூரன்ஸ் வேலையோடு சேர்ந்து போய்விடும். மறுநாள் யாருக்காவது காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தால் முழுப் பணமும் நம் கையிலிருந்துதான். அதனால் நாங்களே குடும்பத்துக்கு ஒரு பாலிசி எடுக்க அந்த 50,000 ரூபாயை ஒதுக்கி வைத்தோம்.

இந்தச் சமயத்தில்தான் போனில் அந்த விளம்பரம் வந்தது. "வேலை இழந்தவர்களுக்குச் சிறப்புத் திட்டம், கடன் பாதியாகும், வங்கித் தொல்லை நிற்கும்." கடன் தீர்வு நிறுவனம் என்று சொல்லிக்கொள்கிற ஆன்லைன் கூட்டம் அது. பெயரை இப்போது எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், அதனால் வேண்டாம் என்கிறார் வீட்டுக்காரர். பெயர் தெரிந்தும் பயனில்லை, இதே கடை வேறு வேறு பெயரில் நிறைய இருக்கிறது.

எண்ணைப் பதிவு செய்தவுடனே ஒரு பெண் அழைத்தாள். இங்கேதான் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பணம் போனது பிறகு, நாங்கள் மாட்டியது இங்கே. அவள் கடனைப் பற்றி முதலில் கேட்கவே இல்லை. "அண்ணா ஒழுங்கா சாப்பிடுறாரா அக்கா? தூங்குறாரா?" என்று கேட்டாள். வேலை போனதிலிருந்து சொந்தக்காரர்கள்கூட "அடுத்தது எங்க பார்க்கிறார்?" என்றுதான் கேட்டார்கள். இப்படி யாரும் கேட்கவில்லை. தன் வீட்டுக்காரருக்கும் போன வருடம் வேலை போனதாம், தானும் இப்படித்தான் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தாளாம். உண்மையோ பொய்யோ, இன்றைக்கு யோசித்தால் அவர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிற வசனம் என்றுதான் தோன்றுகிறது.

"உங்க மாசக் கணக்கை அப்படியே போட்டோ எடுத்து அனுப்புங்க அக்கா, எங்க டீம் ஆராய்ஞ்சு பார்க்கும்" என்றாள். அனுப்பினேன். அரை மணி நேரத்தில் திரும்ப அழைத்து, "இவ்வளவு தெளிவா கணக்கு எழுதுறவங்களை நான் பார்த்ததே இல்ல" என்றாள். அப்புறம் கட்டணத்தைச் சொன்னாள். 40,000 ரூபாய், அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 7,200, ஆக மொத்தம் 47,200. என் நோட்டில் இருந்தது 50,000. கட்டணம் 47,200. புரிகிறதா? வீட்டில் எவ்வளவு இருக்கிறது என்று நானே போட்டோ எடுத்து அனுப்பியதைப் பார்த்து, அதற்கு ஏற்ற மாதிரி ரேட் போட்டிருக்கிறார்கள். கடன் இன்னும் பெரிதாக, கையிருப்பு சிறிதாக இருந்திருந்தால் கட்டணமும் சிறிதாகத்தான் இருந்திருக்கும்.

"யோசிச்சுச் சொல்றோம்" என்றார் வீட்டுக்காரர். அவள் சொன்னாள்: "அண்ணா, மாசம் 14,300 கட்டுறீங்க. இனிமே கட்டவேண்டாம்னு ஆனா, நாலு மாசத்துல இந்தக் கட்டணத்துக்கு மேலேயே மிச்சம்." கணக்கு சரியாகத்தான் இருந்தது. கையில் காசு இல்லையென்றால் கிரெடிட் கார்டில் கட்டி அதையும் தவணையாக மாற்றிக்கொள்ளலாமாம். கடனைக் குறைக்க வந்தவர்கள் கார்டைத் தேய்க்கச் சொல்கிறார்கள்! அது வேண்டாம் என்று யுபிஐயில் அனுப்பினோம். பணம் போய்ச் சேர்ந்தது கம்பெனிக் கணக்கில் இல்லை, ஒரு தனி ஆள் பெயரில். கேட்டதற்கு "அவர்தான் எங்க அக்கவுண்டன்ட்" என்றார்கள். 7,200 ரூபாய் ஜிஎஸ்டி வாங்கினார்களே, ரசீதில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் எங்கே? "சிஸ்டம் ஜெனரேட் பண்ணும், மெயில்ல வரும்." இன்று வரை வரவில்லை. அந்த 7,200 அரசாங்கத்துக்குப் போயிருக்கும் என்று யாராவது நம்பினால் நம்பிக்கொள்ளுங்கள்.

பணம் போன பிறகு அவர்கள் கொடுத்த ஆலோசனை இதுதான்: தவணை கட்டாதீர்கள், வங்கியிலிருந்து போன் வந்தால் எடுக்காதீர்கள், முடிந்தால் சிம்மை மாற்றுங்கள், எல்லாவற்றையும் எங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார். வங்கிக்கு ஒரு வக்கீல் கடிதம் போகும், அதோடு அவர்கள் அடங்கிவிடுவார்களாம். கடைசியில் 4,60,000 கடன் 2,30,000-க்கு முடியுமாம்.

இதில் அவர்கள் சொல்லாமல் விட்ட சங்கதிதான் முக்கியம். ஒழுங்காகக் கட்டிவரும் கடனை எந்த வங்கியும் பாதிக்கு முடித்துக்கொள்ளாது. தவணை நின்று 90 நாள் தாண்டினால்தான் கணக்கு வாராக்கடன் ஆகும், பேரம் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். அதாவது இவர்களுடைய திட்டமே நம்மைத் தவணை தவறியவர்களாக ஆக்குவதுதான். அப்படியே பாதிக்கு முடிந்தாலும், நாம் கடனை எப்படிக் கட்டினோம் என்று காட்டும் சிபில் அறிக்கையில் "செட்டில்டு" என்று விழும், முழுதாகக் கட்டி முடித்த "க்ளோஸ்டு" என்பது வராது. அடுத்து கடன் கேட்டுப் போகும்போது முதலில் கண்ணில் படுவது அதுதான். இதில் ஒரு வார்த்தையாவது அந்தப் பெண் சொன்னாளா? "சிபில் எல்லாம் நாங்க கிளீன் பண்ணித் தருவோம் அக்கா" என்றாள். சரியாக இருக்கும் ஒரு பதிவைக் கட்டணம் வாங்கிக்கொண்டு யாராலும் அழிக்க முடியாது. தவறான பதிவு என்றால் நாமே இலவசமாகத் திருத்தக் கேட்கலாம்.

முதல் தவணை பவுன்ஸ் ஆனது. கடன் கொடுத்த இடத்தில் ஒரு அபராதம், சம்பளக் கணக்கு வங்கியில் இன்னொரு அபராதம். இரண்டாவது தவணையும் அப்படியே. போனை எடுக்காததால் வங்கிக்காரர்கள் கடன் விண்ணப்பத்தில் கொடுத்திருந்த எண்ணுக்கு அழைத்தார்கள். அது என் மச்சாண்டார் எண். வேலை போன விஷயத்தை, வேறு வேலை கிடைத்த பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவரிடம் மறைத்து வைத்திருந்தோம். வசூல் ஆள் வாயிலிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அந்த மனுஷன் எங்களைத் திட்டவில்லை, "ஏன்டா சொல்லல" என்று மட்டும் கேட்டார். இதற்கு என்ன ரசீது, என்ன ரீஃபண்ட்?

அப்புறம் ஒரு நோட்டீஸ் வந்தது. ஆட்டோ டெபிட், அதாவது கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் தவணை, பவுன்ஸ் ஆவது சும்மா அபராதத்தோடு போகிற விஷயம் என்றுதான் நினைத்திருந்தோம். செக் பவுன்ஸுக்கு 138-ஆம் பிரிவு இருப்பது போல, இதற்கு 2007-ஆம் ஆண்டின் பேமெண்ட் அண்ட் செட்டில்மென்ட் சிஸ்டம்ஸ் சட்டத்தில் 25-ஆம் பிரிவு இருக்கிறது. இரண்டு வருடம் வரை சிறை, அல்லது தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். "ஒண்ணும் ஆகாது, நாங்க இருக்கோம்" என்றவர்களுக்கு அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கைகூப்பும் பொம்மை வந்தது.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது அலைக்கழிப்பு. "டிக்கெட் போட்டிருக்கு." "ஃபைல் லீகல்ல இருக்கு." "சீனியர் லீவு, திங்கட்கிழமை அழைப்பார்." எந்தத் திங்கட்கிழமை என்று சொல்லவில்லை. அக்கா என்று அழைத்தவள் மேடம் என்றாள். அப்புறம் அவளே இல்லை, "அவங்க ரிசைன் பண்ணிட்டாங்க, உங்க கஸ்டமர் ஐடி சொல்லுங்க" என்று ஒரு பையன். அவனுக்கு எங்கள் கதை முதலிலிருந்து சொல்லவேண்டும். சொல்லி முடித்ததும், "மேடம், நீங்க செட்டில்மென்ட் ஃபண்டுக்கு மாசம் 9,000 கட்டணும், அதைக் கட்டவே இல்லையே. அது கட்டினாத்தான் ஃபைல் நகரும்" என்கிறான். தவணை கட்டவேண்டாம் என்று சொன்ன வாய் இப்போது அவர்களிடம் தவணை கட்டச் சொல்கிறது. முடியாது, 47,200-ஐத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். "அக்ரிமென்ட் படிச்சுப் பாருங்க மேடம், சர்வீஸ் ஸ்டார்ட் ஆயிடுச்சு, நோ ரீஃபண்ட்." என்ன சர்வீஸ் தொடங்கியது என்று கேட்டால், வக்கீல் கடிதம் அனுப்பியாகிவிட்டதாம்.

அந்தக் கடிதத்தின் லட்சணம் தெரிய வங்கிக் கிளைக்கு நானே போனேன். அங்கிருந்த அதிகாரி தேடிப் பார்த்துவிட்டு, பொதுவான கஸ்டமர் கேர் மெயிலுக்கு ஒரு கடிதம் வந்திருப்பதாகச் சொன்னார். அதில் கடன் கணக்கு எண்ணே இல்லை. பெயரில் எழுத்துப் பிழை வேறு. 47,200 ரூபாய்க்கு நாங்கள் வாங்கியது, யாருடையது என்று வங்கிக்கே தெரியாத ஒரு மெயில்.

அதே அதிகாரிதான் சொன்னார், வேலை போன உடனே நேரில் வந்து, பணி விடுவிப்புக் கடிதத்தைக் கொடுத்து, தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கலாமாம். கொடுப்பதும் மறுப்பதும் வங்கியின் முடிவு, ஆனால் கேட்பதற்குக் காசு இல்லை. தவணை தவறாத கணக்காக இருக்கும்போது கேட்டால் காது கொடுப்பார்களாம். இப்போது எங்கள் கணக்கு அப்படி இல்லை, யார் புண்ணியத்தில் என்று சொல்லவேண்டியதில்லை. என் சங்கிலியை அடகு வைத்து இரண்டு தவணையையும் அபராதத்தையும் கட்டினோம். 90 நாள் ஆவதற்குள் கட்டியதால் வாராக்கடன் ஆகாமல் தப்பியது. காலத்தை நீட்டக் கேட்ட மனு வங்கியில் கிடக்கிறது.

மருத்துவக் காப்பீடு? 50,000-த்தில் 47,200 போனால் மிச்சம் 2,800. அதில் எந்தக் குடும்பத்துக்கும் பாலிசி கிடைக்காது. வீட்டில் யார் தும்மினாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

"படித்தவங்க எப்படி ஏமாந்தீங்க" என்று சிலர் கேட்பார்கள், தெரியும். வேலை போன வீட்டைக் குறி வைத்து, ஆறுதல் சொல்லி, கணக்கு நோட்டை வாங்கிப் பார்த்து, கடைசி ரூபாய் வரை அளந்து எடுத்தவர்களைக் கேளுங்கள் அந்தக் கேள்வியை.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், முடியவில்லை, நேரமும் இல்லை. அவசரமாகச் சில:

தவணையை நிறுத்தச் சொல்பவர்கள் யாராக இருந்தாலும் போனை வைத்துவிடுங்கள். மாதக் கணக்கை, வங்கி ஸ்டேட்மென்டை யாருக்கும் போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள். தனி ஆள் பெயரில் யுபிஐ என்றால் அங்கேயே நிறுத்துங்கள். வங்கி வழிக்கு வராவிட்டால் முதலில் வங்கியிடமே எழுத்தில் புகார், 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்), அது இலவசம், விவரத்துக்கு 14448. ஆனால் இந்த மாதிரி ஏஜென்சிகள் மேல் அங்கே புகார் எடுபடாது, அவர்கள் ரிசர்வ் வங்கிக்குக் கீழே வருகிறவர்கள் இல்லை. அதற்கு நுகர்வோர் உதவி எண் 1915, பணம் போன உடனே என்றால் சைபர் குற்ற உதவி எண் 1930. வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக்கூடாது, அழைத்தால் நேரத்தைக் குறித்து வையுங்கள். பி.எஃப். எடுத்துத் தருகிறேன் என்று கமிஷன் கேட்பவனும் இதே ஜாதிதான், யுஏஎன் (பி.எஃப். உறுப்பினர் எண்) கையில் இருந்தால் நீங்களே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம்.

இன்னொன்று. நேற்று ஒருவன் அழைத்தான். கடன் தீர்வு நிறுவனத்தில் ஏமாந்தவர்களின் பணத்தை மீட்டுத் தருகிறார்களாம். என் பெயர், போன தொகை 47,200, எல்லாம் சரியாகச் சொன்னான். எங்கே கிடைத்தது என்று கேட்டேன், "டேட்டாபேஸ் மேடம்" என்றான். பதிவுக் கட்டணம் 4,999 ரூபாயாம், ஜிஎஸ்டி தனி.