காவலுக்குச் சிறுவிடைச் சேவல்: வாங்கலாமா?

கொல்லைக் கோழிகளுக்குக் காவல் வேண்டுமென்றால் சிறுவிடை என்ற சிறிய நாட்டுக்கோழி ரகத்துச் சேவல்தான் முதல் தேர்வு. உடம்பு லேசு, கண் கூர்மை, சட்டென்று பறந்து மரமேறும். பெருவிடை என்ற பெரிய நாட்டுக்கோழி ரகத்துக்கு அடி பலம் அதிகம். ஆனால் அந்தப் பலத்தை மற்ற சேவல்களிடம்தான் காட்டும். ஹைதராபாத்தில் உருவான வனராஜா ரகத்தில் எடை கூடிய சேவல்களுக்குக் காவல் வேலை சரிவராது, ஓட்டம் மந்தம்.

வயது ஒன்றாவது நிறைந்திருக்கட்டும். ஆறு மாதச் சேவலுக்குக் கூவத் தெரியும், காக்கத் தெரியாது. வாங்கும் இடத்திலேயே பருந்து பறப்பதுபோல ஒரு துணித் துண்டைச் சேவலின் தலைக்கு மேலே வீசிப் பாருங்கள். நல்ல சேவல் தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணை வானத்துக்குக் கொடுத்து, நீளமாக ஒரு குரல் எழுப்பும். பெட்டைகள் அந்த நொடியே புதருக்குள் ஒடுங்கும். நாய், கீரி வந்தால் குரலே வேறு: விட்டுவிட்டு வரும் கொக்கரிப்பு. இரை கிடைத்ததும் தான் தின்னாமல் பெட்டைகளை அழைக்கிறதா என்பதையும் கவனியுங்கள். ஆளைக் கொத்த வருவதை வீரம் என்று விற்பார்கள். வாங்காதீர்கள், குழந்தைகளின் கண்ணுக்கு ஆபத்து.

எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். கூடினால் சண்டையும், பெட்டைகளின் முதுகில் இறகு உதிர்வும்தான் மிச்சம்.

இரவில் சேவலை நம்பவே கூடாது. இருட்டில் அதற்குக் கண் தெரியாது. மரநாய்க்கு அதுவே வசதி. கூண்டுக்கு அரை அங்குலக் கண்ணுள்ள வெல்ட் மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) அடித்து, ஓரங்களில் ஓரடி மண்ணுக்குள் இறக்கிப் புதையுங்கள்.