ஹைடனின் பியானோ டிரியோக்கள்: மெனகெம் பிரெஸ்லரை முழுதாகக் கேட்க ஒன்பது குறுந்தகடுகள்

பதினெட்டாம் நூற்றாண்டின் ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஜோசப் ஹைடன் எழுதிய பியானோ டிரியோக்களில் (பியானோ, வயலின், செல்லோ மூன்றும் சேர்ந்து வாசிக்கும் உருப்படிகள்) 43ஐ போஸார் டிரியோ குழுவினர் 1970களில் பிலிப்ஸ் நிறுவனத்திற்காகப் பதிவு செய்தனர். பின்னாளில் அவை ஒன்பது குறுந்தகடுகள் கொண்ட தொகுப்பாக வெளிவந்தன. 1979இல் ‘கிராமஃபோன்’ இதழ் இப்பதிவுகளை ஆண்டின் சிறந்த இசைத்தட்டாகத் தேர்ந்தெடுத்தது. வயலினில் இசிடோர் கோஹன், செல்லோவில் பெர்னார்ட் கிரீன்ஹவுஸ், பியானோவில் மெனகெம் பிரெஸ்லர். தனிக் கலைஞர், குழு இசைஞர், ஆசிரியர் என்று பிரெஸ்லருக்கு இருந்த மூன்று முகங்களும் வேறு எந்தப் பதிவைக் காட்டிலும் இந்தத் தொகுப்பில்தான் ஒன்றாகத் தெரிகின்றன என்பது என் முடிவு.

இந்த உருப்படிகளில் பியானோவுக்குத்தான் பெரும்பங்கு. வயலினும் செல்லோவும் உடன் வாசிக்கும் பியானோ சொனாட்டாக்கள் (பல பகுதிகள் கொண்ட வாத்திய உருப்படிகள்) என்றே அக்காலத்தில் இவற்றைப் பதிப்பித்தார்கள். கச்சேரி கேட்டுப் பழகிய நமக்கு இது எளிதில் பிடிபடும்: பாட்டைப் பியானோ பாடுகிறது, மற்ற இரண்டும் பக்கவாத்தியம். செல்லோவோ பெரும்பாலும் பியானோவின் இடக்கை வாசிக்கும் அதே சுரங்களையே இரட்டிக்கிறது. அன்றைய பியானோக்களில் கீழ்ஸ்தாயி ஒலி மெலிந்தும் விரைவில் தேய்ந்தும் போனதால் அதற்கு ஊன்றுகோலாக ஒரு செல்லோ தேவைப்பட்டது. இன்றைய பெரிய கான்சர்ட் பியானோவுக்கு அந்த ஊன்றுகோல் வேண்டியதில்லை. சற்றே அசந்தால் அது மற்ற இரண்டு வாத்தியங்களையும் விழுங்கிவிடும். பிரெஸ்லர் தம் இடக்கையின் கனத்தைக் குறைத்து, அந்தச் சுரத்திற்கு நிறம் கொடுக்கும் வேலையைச் செல்லோவிடம் விட்டுவிடுகிறார். புகழ்பெற்ற செல்லோ கலைஞர் காசல்ஸிடம் பயின்றவரான கிரீன்ஹவுஸ் அந்த இடத்தை நிதானமாக எடுத்துக்கொள்கிறார். எல்லாச் சுரங்களும் தம் கையில் இருந்தும் மேடையைப் பகிர்ந்து கொடுக்கத் தெரிந்தவர் வாசிப்பு இது.

இ மேஜர் டிரியோவை (ஹைடனின் படைப்புகளை வரிசைப்படுத்தும் ஹோபோகன் பட்டியலில் 15ஆம் பிரிவு, எண் 28) எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் வயலினும் செல்லோவும் வில்லை விட்டு நரம்பைச் சுண்ட, பியானோ அவற்றோடு சேர்ந்து மெட்டைத் தருகிறது. பியானோவும் சுண்டி வாசிக்கும் வாத்தியமோ என்று ஐயுறும்படி பிரெஸ்லரின் தொடுகை அங்கே அவ்வளவு குறுகி, உருண்டு ஒலிக்கிறது. இரண்டாம் பகுதி இ மைனரில், அதாவது சோகச் சாயல் கொண்ட சுரவரிசையில், அமைந்தது. மூன்று வாத்தியங்களும் ஒரே சுரவரிசையை இறுக்கமாக ஒலித்து நிறுத்த, அதன்பின் பியானோ மட்டும் தனியே நெடுந்தூரம் நடக்கிறது. இடக்கையில் ஓயாத நடை, வலக்கையில் தயங்கித் தயங்கி வளரும் ஒரு பாட்டு. இவ்விடத்தைத் தனிக் கச்சேரிக்குரிய ஆரவாரத்தோடு வாசிக்க எவருக்கும் ஆசை வரும். பிரெஸ்லர் ஒலியை உயர்த்துவதில்லை. ஒவ்வொரு சொற்கட்டின் முடிவையும் மூச்சு விட்டு முடித்து அடுத்ததற்குப் போகிறார். கோஹனும் கிரீன்ஹவுஸும் மீண்டும் சேரும்போது, அவர்கள் இவ்வளவு நேரமும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது அவர்கள் நுழையும் ஒலியளவிலேயே தெரிகிறது.

இப்படி வாசித்தவர் கடந்து வந்த பாதை நேரானதன்று. 1923இல் ஜெர்மனியின் மாக்டெபுர்க் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்த அவர், 1938 நவம்பரில் நாஜிகள் யூதர்களின் கடைகளைச் சூறையாடியபோது தந்தையின் துணிக்கடையும் தாக்கப்பட்டதைக் கண்டவர். அடுத்த ஆண்டே குடும்பம் இத்தாலி வழியாகப் பாலஸ்தீனத்திற்குத் தப்பிச் சென்றது. உறவினர் பலர் முகாம்களில் கொல்லப்பட்டனர். 1946இல் சான்பிரான்சிஸ்கோவில் பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியின் பெயரில் நடந்த போட்டியில் முதற்பரிசு வென்றதும், ஆர்மண்டி நடத்திய பிலடெல்பியா இசைக்குழுவோடு வாசிக்கும் வாய்ப்பு வந்தது. தனிக் கலைஞராக நிலைத்திருக்க அதுவே போதும். ஆனால் அவர் குழு இசையின் பக்கம் வந்தார்: 1955 ஜூலை 13 அன்று அமெரிக்காவின் டாங்கிள்வுட் இசைவிழாவில் போஸார் டிரியோவின் முதல் கச்சேரி நடந்தது. அதன்பின் 2008 வரை வயலினில் ஐவரும் செல்லோவில் மூவரும் மாறி மாறி அமர்ந்தார்கள். பியானோவில் மட்டும் ஆள் மாறவில்லை. புதிதாக வருபவரின் வில்லோசைக்கு ஏற்பத் தம் தொடுகையை ஒவ்வொரு முறையும் திருத்திக்கொள்ள வேண்டிய நிலை அவருடையது. அந்த உழைப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். கச்சேரி விமரிசனங்களில் அது போதிய அளவு பேசப்படவில்லை என்ற வருத்தமும் உண்டு.

அதே 1955இல் புளூமிங்டனில் உள்ள இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணியும் தொடங்கியது. தொண்ணூறு வயதைக் கடந்தும் அங்கே கற்பித்தார். மாணவர்களுக்கு அவர் வகுப்பெடுக்கும் காணொளிகளைப் பார்த்தவர்கள், ஒரே ஒரு வரிக்காக அவர் எவ்வளவு நேரம் செலவிடுவார் என்பதை அறிவார்கள். சிறுவயதினர் கற்கும் பாடம் போலத் தோன்றும் ஆரம்பகால டிரியோக்களில்கூட அந்த ஆசிரியரின் அக்கறை கேட்கிறது. எளிய பகுதி என்று ஒன்றையும் அவர் ஓட்டி விடுவதில்லை.

குறைகளும் உண்டு. ஹைடன் காலத்துப் பியானோவின் மெல்லிய, மரத்தன்மை கொண்ட ஒலியை விரும்புபவர்களுக்கு இதில் இடமில்லை. ஆரம்பகால டிரியோக்கள் சிலவற்றில் செல்லோவுக்குச் சொந்தமாகச் சொல்ல ஒன்றுமே இல்லை. அவற்றை அடுத்தடுத்துக் கேட்டால் சலிப்புத் தட்டும். முழுத் தொகுப்பையும் வரிசையாகக் கேட்டு முடிக்க வேண்டும் என்று எவரும் வைராக்கியம் கொள்ள வேண்டாம்.

2014இல், தொண்ணூறு வயதில், பெர்லின் பில்ஹார்மோனிக் குழுவோடு முதன்முறையாக வாசித்தார். 2018இல் டெபுஸி, ஃபோரே, ராவெல் ஆகியோரின் உருப்படிகளைத் தனித்தட்டாகவும் வெளியிட்டார். 2023 மே மாதம் லண்டனில் மறைந்தார். அந்த முதுமைக்காலப் பதிவுகளில் மட்டும் அவரை அறிந்தவர்கள் இத்தொகுப்பை அவசியம் கேட்க வேண்டும். ஐம்பது வயதை ஒட்டிய காலத்தில் அவருடைய விரல்கள் எவ்வளவு வேகமாகவும் தெளிவாகவும் ஓடின என்பது இதில்தான் பதிவாகியிருக்கிறது. இ மேஜர் டிரியோவில் தொடங்கி, ஹங்கேரிய ரோண்டோவால் (ரோண்டோ என்பது ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வரும் அமைப்பு) பெயர்பெற்ற ஜி மேஜருக்கு (எண் 25) வரலாம். அடுத்து எஃப் ஷார்ப் மைனர் (எண் 26): அதன் நடுப்பகுதியின் இசையை ஹைடன் தம் 102ஆம் சிம்பொனியிலும் பயன்படுத்தியிருக்கிறார். முழு இசைக்குழு வாசிப்பதைக் கேட்டுவிட்டு இம்மூவரிடம் திரும்பினால், அதே இசை எவ்வளவு நெருக்கமாகப் பேசுகிறது என்பது விளங்கும். ஆரம்பகால உருப்படிகளுக்கு அதன்பின் போகலாம்.