ஹட்டனில் ஒரு லீக்ஸ் ஃப்ரைட் ரைஸ்

இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பஸ் ஸ்டாண்டிலிருந்து டிக்கோயா போகும் வீதியில், டயர் கடை தாண்டி ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. பச்சைப் பலகைக் கதவுதான் அடையாளம். ஓர் அக்காவும் அவருடைய மகனும் நடத்துகிறார்கள். மொத்தம் நான்கு மேசை. இரண்டு மாதத்தில் ஒன்பது தடவை போய்விட்டேன், ஒன்பது தடவையும் ஃப்ரைட் ரைஸ்தான்.

நான் கத்தாரில் ஏழு வருசம் ஓர் ஊழியர் விடுதியின் சமையற்கட்டில் வேலை பார்த்தவள். விடிய நாலு மணிக்கு எனக்குக் கொடுத்த முதல் வேலை, முந்தின நாள் சோற்றைக் கட்டியில்லாமல் உதிர்ப்பது. அதனால் ஒரு பிளேட்டைப் பார்த்தாலே அந்தச் சோறு எப்போது வடித்தது என்று எனக்குத் தெரிந்துவிடும். போன வருசம் வேறோர் ஊரில் ஒரு கடையில் சுடச்சுட வடித்த சோற்றை அப்படியே எண்ணெயில் கொட்டிக் கிண்டிக் கொடுத்தார்கள். களியாக இருந்தது. ஆசையாகக் கேட்ட மகள் பாதியோடு தள்ளி வைத்துவிட்டாள். அன்றைக்கு எனக்கு வந்த வருத்தம் காசுக்காக இல்லை.

இந்த அக்கா முதல் நாளே சோறு ஆக்கிவிடுகிறார். கீரிச் சம்பா அரிசி. அரை மணி நேரம் ஊறவைத்துத்தான் அடுப்பில் ஏற்றுகிறார். ஹட்டன் 1,200 மீற்றருக்கு மேலே இருக்கிறது, இங்கே தண்ணீர் 96 பாகையிலேயே கொதித்துவிடும். கொழும்புக் கணக்கில் வேகவைத்தால் அரிசியின் நடுவில் வெள்ளை நிற்கும். ஊறிய அரிசிக்கு அந்தத் தொல்லை குறைவு. வடித்ததும் அகலத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி, ஆவி போனவுடன் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறார். ஆறும்போது சோற்றின் மாப்பொருள் இறுகி, மேல் ஈரமும் வற்றும். மறுநாள் தாச்சியில் ஒட்டாமல் உதிர்வது அதனால்தான்.

வீட்டில் செய்கிறவர்களுக்கும் இதைச் சொல்லிவிடுகிறேன். குளிர் ஊர்தானே என்று ராத்திரிச் சோற்றை மேசையில் விட்டுவைக்காதீர்கள். பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து சோறு வேகும்போதும் சாகாது. வெளியில் மணிக்கணக்காகக் கிடந்தால் பெருகி நஞ்சு விடும், அந்த நஞ்சு திரும்பப் பொரித்தாலும் போகாது. கத்தாரில் எங்களுக்கு முதல் கிழமையே சொல்லிக்கொடுத்த பாடம் இது.

அக்கா சமைப்பதை நான் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று பார்ப்பேன். இரும்புத் தாச்சி புகைய ஆரம்பித்த பிறகுதான் எண்ணெய் விழும். முதலில் முட்டை, பொங்கி வரும்போதே ஒரு கலக்கு. அடுத்து, வெங்காயத்தாள் மாதிரியே தடித்திருக்கும் லீக்ஸின் வெள்ளைப் பகுதி, ஒரு துண்டு ரம்பை இலை. பிறகு சோறு. கரண்டியின் முதுகால் ஒரு தட்டு, ஒரு புரட்டு. கொஞ்ச நேரத்தில் சோற்றுப் பருக்கை தாச்சியில் துள்ளத் தொடங்கும், சின்னச் சின்னதாக வெடிக்கிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்குத்தான் அவர் காத்திருக்கிறார். சோயா சோஸைச் சோற்றின் மேல் ஊற்றுவதில்லை, தாச்சியின் ஓரத்தில் சுற்றி விடுகிறார். சுட்ட இரும்பில் பட்டுக் கருகிய வாசம்தான் சோற்றில் ஏறுகிறது. கன்டனீஸ்காரர் 'வொக் ஹெய்' என்று சொல்லும் மணம், தாச்சியின் மூச்சு. கடைசியாக லீக்ஸின் பச்சைத் தாள், கரட், மிளகுத்தூள். அடுப்பை அணைத்த பிறகும் பச்சை பச்சையாகவே இருக்கிறது.

லீக்ஸ் நுவரெலியாவிலிருந்து வருகிறது. வெங்காயத்தாளைப் போட்டால் இந்த இனிப்பு வராது. வேறு நாட்டுக்காரர் யாராவது இலங்கை ஃப்ரைட் ரைஸுக்கு என்ன விசேஷம் என்று கேட்டால் நான் முதலில் லீக்ஸைத்தான் சொல்வேன், பிறகு சில்லி பேஸ்டை.

கத்தாரில் எங்கள் சமையற்கட்டில் ஒரே மிச்சச் சோறு ஆளுக்கொரு விதமாக மாறும். பிலிப்பைன்ஸ் பிள்ளைகள் வெள்ளைப்பூண்டைப் பொன்னிறமாகப் பொரித்து, உப்புப் போட்டு, சோற்றைப் புரட்டி எடுப்பார்கள். அவ்வளவுதான், சினங்காக். பக்கத்தில் ஒரு முட்டை இருந்தால் காலைச் சாப்பாடு முடிந்தது. இந்தோனேசியாக்கார அக்கா ஒருவர் நாசி கொரெங் செய்வார். எங்கள் ஊர்க் கித்துள் பனைப் பாணியை ஞாபகப்படுத்தும் கறுப்பு இனிப்புச் சோயாவும், கொஞ்சம் இறால் விழுதும், மேலே பொரித்த முட்டையும். தாய்லாந்துக்காரர் மீன் சோஸ் ஊற்றி, வெள்ளரித் துண்டும் தேசிக்காயும் வைத்துக் கொடுப்பார்கள். எங்கள் தலைமைச் சமையற்காரர் சீனாவின் யாங்சோ முறையில் இறாலும் பன்றி இறைச்சியும் பட்டாணியும் சேர்ப்பதைப் பற்றிச் சொல்லுவார். கத்தாரில் பன்றிக்கு வழியில்லை, கோழியைப் போட்டுச் சமாளிப்போம்.

அவர் சொல்லித்தான் பெரு நாட்டைப் பற்றித் தெரிந்துகொண்டேன். அங்கே ஃப்ரைட் ரைஸுக்கு 'ஆரோஸ் சௌஃபா' என்று பெயர். 1849இலிருந்து சீனக் கூலிகளை ஒப்பந்தம் போட்டுக் கப்பலில் அங்கே கொண்டுபோனார்கள், கரும்புத் தோட்டத்துக்கும் பருத்தித் தோட்டத்துக்கும். அவர்கள் கையோடு போனதுதான் இந்தச் சோறு. இன்றைக்குப் பெருவில் அது எல்லோர் வீட்டுச் சாப்பாடு. அதைக் கேட்ட அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதே காலத்தில்தான் எங்கள் மலையக ஆட்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்து மன்னாரில் இறங்கி, காடு வழியாக நடந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

எங்கள் அம்மாயி ஃப்ரைட் ரைஸ் என்ற சொல்லையே கேட்டிருக்கமாட்டார். ராத்திரி மிஞ்சின சோற்றில் செத்தல் மிளகாயும் வெங்காயமும் கறிவேப்பிலையும் போட்டு, விறகடுப்பில் புரட்டி, பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகும் முன்பே எங்களுக்கு வைத்துவிட்டுத்தான் கொழுந்தெடுக்கப் போவார். பொரித்த நெத்தலி இருந்தால் மேலே நாலு விழும். 'பெரட்டின சோறு' என்பார். லயத்து வாசலில், தோட்டத்து வரிசை வீட்டு வாசலில், உட்கார்ந்து சாப்பிடுவோம். இந்தக் கடையில் முதல் வாய் வைத்ததும் எனக்கு அந்தப் புகை மணம்தான் வந்தது. அக்காவிடம் சொன்னேன்.

"எங்க அம்மாவும் அப்படித்தான் புள்ள செய்வாங்க. நான் முட்டைய மட்டுந்தான் சேத்துக்கிட்டேன்" என்றார்.

குறையும் சொல்லவேண்டும். டெவில் சிக்கன் எனக்குப் பிடிக்கவில்லை, தக்காளி சோஸ் கூடி இனிக்கிறது. கோழி ஃப்ரைட் ரைஸில் கோழி நன்றாக இருந்தாலும் முட்டை ஃப்ரைட் ரைஸில் வரும் தாச்சி மணம் குறைந்துவிடுகிறது, ஒரே தடவையில் நிறையப் பொருள் விழுந்து தாச்சி ஆறிவிடுவதால் இருக்கும். அதனால் முட்டைதான் என் தெரிவு. முட்டை 650 ரூபாய், கோழி 900. ஒரு பிளேட் எனக்கும் மகளுக்கும் தாராளமாகப் போதும். கை கழுவும் இடம் வெளியில், மழையில் நனைந்துகொண்டுதான் போகவேண்டும். அதற்கு ஒரு தகரமாவது போட்டுத்தாருங்கள் அக்கா.

பார்சலாக எடுத்தால் லன்ச் ஷீட்டில் வியர்த்து மெத்தென்று ஆகிவிடும், ஆகவே அங்கேயே இருந்து சாப்பிடுங்கள். ராத்திரி எட்டு மணிக்கு மூடிவிடுவார்கள். டிசம்பரிலிருந்து மே வரை, சிவனொளிபாதமலை சீசனில், யாத்திரைச் சனத்துக்காகப் பதினொரு மணி வரை திறந்திருக்கும், ஆனால் அப்போது இடம் கிடைப்பது கஷ்டம். சில்லி பேஸ்டைக் கேட்டு வாங்குங்கள். செத்தல் மிளகாயும் மாசிக் கருவாடும் வினாகிரியும் சேர்த்து அக்கா கையால் அரைத்தது, கேட்காதவர்களுக்கு வைப்பதில்லை.