நெடுந்தொலைவு வேட்டைப் பயிற்சியும் ஐந்து நாள் முகாமும்: ஒரு வாடிக்கையாளரின் மதிப்பீடு

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தின் வடமேற்கில் மியூல் மானையும், எல்க் என்னும் பெரிய மான் வகையையும் நெடுந்தொலைவிலிருந்து வேட்டையாடப் பயிற்சி தந்து, அதே ஆண்டில் மலை முகாமுக்கும் அழைத்துச் செல்லும் ஒரு சேவையில் சென்ற இலையுதிர்காலத்தில் சேர்ந்திருந்தேன். குறைகளையும் எழுதவேண்டியிருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்துவிடுகிறேன். அவர்களுடைய விளம்பரப் படங்களில் 800 கெஜத்துக்கு அப்பால் நிற்கும் விலங்குகள் ஒரே தோட்டாவில் சாய்கின்றன. அதைப் பார்த்துப் பணம் கட்டுபவர்களுக்கு மனக்குறைதான் மிஞ்சும். என் பணம் வீணாகவில்லை. அதற்குக் காரணம் ஆகஸ்ட் மாதத்தில் நடந்த மூன்று நாள் பயிற்சி.

ஆவண வேலைகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மான் உரிமம் குலுக்கலில்தான் கிடைக்கும் என்பதையும், ஏப்ரல் தொடக்கத்திலேயே விண்ணப்பம் முடிந்துவிடும் என்பதையும், 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் வேட்டைக் கல்விச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்பதையும் குளிர்காலத்திலேயே தெளிவாக எழுதி அனுப்பினார்கள். முன்பணம் கட்டுவதற்கு முன்பு மாநிலப் பதிவும், தேசியக் காட்டுக்குள் தொழில் நடத்த வனத்துறை தந்த அனுமதியும் இருக்கின்றனவா என்று நானே சரிபார்த்துக்கொண்டேன், இரண்டும் இருந்தன.

பயிற்சியின் முதல் நாளில் 200 கெஜத்துக்கு மேல் எவரையும் சுட விடவில்லை. மலைத்துப் போயிருந்த எங்களிடம் பயிற்சியாளர் பத்து அங்குலக் காகிதத் தட்டு ஒன்றைக் காட்டி, மியூல் மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி ஏறத்தாழ இவ்வளவுதான் என்றார். மணிக்கு 10 மைல் வேகத்தில் வீசும் குறுக்குக் காற்று, என் 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் துப்பாக்கியின் தோட்டாவை 500 கெஜத்தில் ஏறத்தாழ ஓர் அடி நகர்த்திவிடும். அந்தக் காற்றின் வேகத்தை 5 மைல் தவறாகக் கணித்தாலே தட்டின் நடுவைக் குறிவைத்த தோட்டா விளிம்பைத் தாண்டிப் போய்விடும். தொலைவை லேசர் கருவி ஒரு நொடியில் சொல்லிவிடுகிறது, தோட்டா எவ்வளவு தாழும் என்பதைக் கைபேசிச் செயலி கணக்கிட்டுவிடுகிறது, ஆனால் இடையிலுள்ள பள்ளத்தில் காற்று எந்தப் பக்கம் போகிறது என்பதைப் புல்லையும் மரக்கிளையையும் பார்த்து நாம்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

அவர்கள் மதிப்பெண் போடும் முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. குளிர்ந்த குழலிலிருந்து வரும் முதல் தோட்டா மட்டுமே கணக்கில் சேரும். விடிந்ததும் ஒன்று, உச்சிவெயிலில் ஒன்று, சரிவில் ஏறி இறங்கி மூச்சு வாங்கும்போது ஒன்று என்று மூன்று நாளும் சுடவைத்தார்கள். ஐந்தாறு தோட்டாக்களைச் சுட்டுப் பழகிய கையோடு 600 கெஜத்தில் தட்டைத் துளைத்துவிட்டு நிமிர்ந்த என்னை அந்த முறை பணிய வைத்தது. இறுதி நாளில் பயிற்சியாளர் என் துப்பாக்கிக் கட்டையில் வெள்ளை ஒட்டுநாடா ஒன்றை ஒட்டி, "படுத்து 450, உட்கார்ந்து 300" என்று எழுதிக் கொடுத்தார். அந்தந்த நிலையில் நான் சுடக்கூடிய எல்லை அத்தனை கெஜம்தான். எனக்கு அவமானமாகத்தான் இருந்தது.

ஒரு பிழை மட்டும் நடந்தது. பயிற்சித் திடல் கடல் மட்டத்திலிருந்து 5,000 அடி உயரத்திலும் முகாம் 9,500 அடி உயரத்திலும் இருக்க, எந்தத் தொலைவில் தோட்டா எவ்வளவு தாழும் என்று திடலின் உயரத்துக்குக் கணக்கிட்ட அட்டையையே எங்களுக்கு அச்சிட்டுக் கொடுத்துவிட்டார்கள். மேலே காற்று மெலிந்திருப்பதால் தோட்டா அட்டை சொல்வதைவிடக் குறைவாகவே தாழும். 450 கெஜத்துக்குள் அந்த வேறுபாடு சிறியதுதான் என்றாலும், 800 கெஜத்தைப் பற்றிப் பேசும் நிறுவனம் இதைக் கவனிக்காமல் விட்டிருக்கக் கூடாது. முகாமில் சரிபார்ப்புக்காகச் சுட்டபோதுதான் எனக்கே தெரியவந்தது.

முகாமில் கூடாரம் வெதுவெதுப்பாக இருந்தது, சாப்பாடு சுமார். மூன்றாம் நாள் மாலை, சட்டம் அனுமதிக்கும் நேரம், அதாவது சூரியன் மறைந்தபின் அரை மணி நேரம், முடிய இன்னும் கொஞ்சமே இருந்தபோது, எதிர்ச் சரிவில் 610 கெஜத்தில் ஓர் ஆண் எல்க் வந்து நின்றது. ஒரு பக்கக் கொம்பில் நான்கு கிளைகளாவது இருந்தால் சுடலாம் என்பது அப்பகுதியின் விதி. அதற்கு ஐந்து இருந்தன. என் காலருகே புல் இடப்பக்கம் சாய்ந்திருக்க, நடுப்பள்ளத்தில் ஆஸ்பென் மரக்கிளைகள் வலப்பக்கம் அசைந்துகொண்டிருந்தன. தோட்டா போய்ச் சேர முக்கால் நொடியாகும், அதற்குள் விலங்கு ஓரடி எடுத்து வைத்துவிடலாம். வழிகாட்டி ஒன்றும் பேசாமல் என் துப்பாக்கிக் கட்டையின் ஒட்டுநாடாவில் கட்டைவிரலை வைத்தார். நான் விசையிலிருந்து விரலை எடுத்தேன். எல்க் நிதானமாக மரங்களுக்குள் போயிற்று.

நான்காம் நாள் காலையில் 330 கெஜத்தில், படுத்தபடி, வேறோர் எல்க்கை ஒரே தோட்டாவில் வீழ்த்தினேன். மறுநாள் செந்நிறப் புதர்க்காட்டில் உட்கார்ந்த நிலையில் 240 கெஜத்தில் மியூல் மான் கிடைத்தது. எல்க்கைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சுமை ஏற்றுவதற்குள் மதியமாகிவிட்டது. கோவேறு கழுதையின் காதுகளைப் போன்ற பெரிய காதுகளால் 'மியூல்' (கோவேறு கழுதை) என்ற பெயரைப் பெற்ற மானைக் கோவேறு கழுதையே சுமந்து இறங்கிய காட்சியை முகாமில் வேறெவரும் வேடிக்கையாக நினைக்கவில்லை.

என் பெரிய குறை அதற்குப் பிறகு நேர்ந்தது. மான்களையும் எல்க்குகளையும் தாக்கும் நாள்பட்ட மெலிவு நோய், 1967-இல் கொலராடோவிலேயே, ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்ட மியூல் மான்களிடம் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது. நோய்கண்ட விலங்கின் இறைச்சியை உண்ண வேண்டாம் என்பதே சுகாதாரத் துறையின் அறிவுரை. தலைகளை மாநில வனவிலங்குத் துறையிடம் பரிசோதனைக்கு ஒப்படைப்பதும் தொகுப்பில் சேர்ந்தது என்று பேசியிருந்தார்கள். கிளம்பும் வேளையில் இரண்டு தலைகளும் குளிர்பெட்டியிலேயே கிடந்தன, யார் கொண்டுபோவது என்று எவருக்கும் தெரியவில்லை. நானே அலுவலகத்தைத் தேடிப்போய்க் கொடுத்தேன். நோயில்லை என்று முடிவு வரும்வரை இறைச்சியைத் தனியாகக் கட்டி உறைபெட்டியில் வைத்திருந்தோம்.

அடுத்த ஆகஸ்டில் பயிற்சிக்கு மட்டும் மீண்டும் பணம் கட்டியிருக்கிறேன். முகாமையும் சேர்த்து எடுப்பவர்கள், தலைகளை யார் எந்த நாளில் ஒப்படைப்பார்கள் என்பதையும், எந்த உயரத்துக்கு அட்டை அச்சிடுகிறார்கள் என்பதையும் முன்பணத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளவும்.