கண்ணாடி வடிகோபுரத்துக்குள் கண்ணாடி வளையமா, எஃகு வலையா?

திரவக் கலவையைக் கொதிக்கவைத்துப் பிரிக்கும் நெட்டுக்குழாய்தான் வடிகோபுரம்; ஆவியும் திரவமும் நன்றாகத் தொட்டுக்கொள்ள அதற்குள் துண்டுகளை நிரப்புவோம். 50 மி.மீ. விட்டக் கோபுரத்துக்கு 6 மி.மீ. கண்ணாடி ராஷிக் வளையமே (நீளமும் விட்டமும் ஒன்றான குட்டிக் குழாய்த் துண்டு) என் முதல் தேர்வு. விட்டத்தில் எட்டில் ஒரு பங்கைவிடப் பெரிய துண்டு போட்டால் திரவம் சுவரோரமாக வழிந்துவிடும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் வளையம் அரிக்காது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் சூடான காரமும்தான் ஆகாது. வெறும் குழாயில் கொட்டினால் நொறுங்கும்: தண்ணீர் நிரப்பிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுங்கள், பிறகு வடியுங்கள்.

எஃகு வலைச்சுருள் அதே உயரத்தில் இன்னும் நன்றாகப் பிரிக்கும், உண்மைதான். ஆனால் நாகை, வேதாரண்யம் பக்கத்து உப்பு போர்வெல் தண்ணீரில் கழுவிக் காயவிட்டால் குளோரைடு தங்கி 304 எஃகில் (பரவலான துருப்பிடிக்காத எஃகு வகை) குழி விழும். கடைசி அலசல் காய்ச்சி வடித்த நீரில் இருக்கட்டும். இறுக்கித் திணிக்கவும் வேண்டாம். சூட்டில் எஃகு, குழாய் செய்யும் போரோசிலிகேட் (வெப்பம் தாங்கும்) கண்ணாடியைவிடச் சுமார் 5 மடங்கு விரியும்; குழாய்தான் விரிசல் விடும்.