நாலு ட்யூப், இரண்டேமுக்கால் வருஷம்: வாட்டர்கலர் கலக்கிப் பழகிய அனுபவம்

வாட்டர்கலர் வாங்கிய முதல் வாரத்திலேயே இதை எழுதியிருந்தால் அந்த 24 கலர் பெட்டியைப் புகழ்ந்து தள்ளியிருப்பேன். இரண்டேமுக்கால் வருஷம் கழித்து எழுதுகிறேன். பெட்டியில் பாதிக்கு மேல் ட்யூப்கள் மூடி திறக்காமலே கல்லாகிவிட்டன. நான் தினமும் தொடுவது நாலே நாலு. அந்த நாலும் அந்தப் பெட்டியில் வந்தவை அல்ல.

வீடு பழைய வண்ணாரப்பேட்டை. வேலை பாரிமுனையில், கஸ்டம்ஸ் பேப்பர் தயார் செய்யும் ஓர் ஆபீஸில். 2022 மத்தியில், ஆண்டர்சன் தெருவில் ஆபீஸுக்கு ஃபைல் வாங்கப் போனவன் பக்கத்துக் கடையில் பெட்டியைப் பார்த்து வாங்கிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் நன்றாக வரைவேன் என்ற பழைய பெருமைதான் காரணம்.

முதல் ஆறு மாதம் கண்டதையெல்லாம் வரைந்தேன். கபாலீஸ்வரர் கோபுரம், கேரளப் படகு வீடு, நான் போகவே போகாத ஏதோ ஓர் ஐரோப்பியத் தெரு, ரோஜாப்பூ, பாட்டியின் முகம். எல்லாம் போனில் பார்த்து வரைந்தவை. ஒருநாள் ஆபீஸ் நண்பர் எல்லாவற்றையும் புரட்டிவிட்டு, “நல்லாத்தான் இருக்கு, ஆனா பத்து பேர் வரைஞ்ச மாதிரி இருக்கே” என்றார். அவர் பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. எனக்கென்று ஒரு பாணி வேண்டும் என்று தோன்றியது. அதற்கு என்ன செய்தேன்? இன்னும் பதினைந்து ட்யூப் வாங்கினேன். கணக்குப் பார்த்தால் அந்த ஆறு மாதத்தில் 7,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல்.

பிரச்சினை பாணியில் இல்லை, கலரில் இருக்கிறது என்று தெரிந்தது ஒரு புடவையால். எதிர்வீட்டு மாடிக் கொடியில் கத்தரிப்பூக் கலர் புடவை காய்ந்துகொண்டிருந்தது. சிவப்பும் நீலமும் கலந்தால் ஊதா என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து தெரியும். ஸ்கார்லெட் சிவப்பையும் அல்ட்ராமரைன் நீலத்தையும் கலந்தேன். வந்தது பக்கிங்காம் கால்வாய். இன்னும் கொஞ்சம் சிவப்பு, இன்னும் கொஞ்சம் நீலம் என்று ஊற்றிக்கொண்டே போனேன். கால்வாய் ஆழமானதுதான் மிச்சம்.

காரணம் புரிந்தபோது கோபமே வந்தது. ஸ்கார்லெட் மஞ்சள் பக்கம் சாய்ந்த சிவப்பு. நீலத்தோடு சேரும்போது அந்த மஞ்சளும் உள்ளே வருகிறது. மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றும் சேர்ந்தால் ஊதா எங்கிருந்து வரும்? சேறுதான் வரும். ரோஸ் பக்கம் சாய்ந்த சிவப்பை எடுத்தால் அதே அல்ட்ராமரைனோடு புடவைக் கலர் அப்படியே வருகிறது. பச்சையும் இப்படித்தான். அல்ட்ராமரைன் கொஞ்சம் சிவப்புப் பக்கம் சாய்ந்த நீலம். லெமன் யெல்லோவோடு சேர்த்தால் வாடிய பச்சை. தாலோ ப்ளூ பச்சைப் பக்கம் சாய்ந்தது. அதோடு சேர்த்தால் கண்ணைப் பறிக்கும் பச்சை.

அப்புறம்தான் ட்யூபின் முதுகைப் படிக்க ஆரம்பித்தேன். முன்னால் எழுதியிருக்கும் அழகான பெயரை நம்ப வேண்டாம். பின்னால் பொடி எழுத்தில் நிறமியின், அதாவது கலரைத் தரும் பொடியின், குறியீடு இருக்கும். பி.பி. 29 என்றால் அல்ட்ராமரைன், பி.வி. 19 என்றால் குவினக்ரிடோன், பி.பி. 15 என்றால் தாலோ ப்ளூ. சில ட்யூப்களில் ஒரே குறியீடு, சிலவற்றில் இரண்டு மூன்று. என் பெட்டியில் பச்சை, ஊதா, சாம்பல் எல்லாமே கம்பெனியே கலந்து அடைத்தவை. அப்படி இரண்டு ட்யூபை நான் கலந்தால் பேலட்டில், அதாவது கலர் கலக்கும் தட்டில், ஐந்தாறு நிறமி சண்டை போடுகின்றன. சில மலிவான ட்யூப்களில் குறியீடே இல்லை. இப்போது அப்படிப்பட்டதை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கமாட்டேன்.

ஒரே நிறமி உள்ளதாகப் பார்த்து நாலு வாங்கினேன்: லெமன் யெல்லோ, குவினக்ரிடோன் ரோஸ், அல்ட்ராமரைன், பர்ன்ட் சியன்னா. தாலோ ப்ளூ விருந்தாளி மாதிரி எப்போதாவது வரும். அது பேப்பரைக் கறை பிடித்துக்கொள்ளும், ஒருமுறை விழுந்தால் துடைத்து எடுக்க முடியாது. ஒரு பட்டாணி அளவு போட்டாலும் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

இனி சார்ட் போடும் வேலை, அதாவது இரண்டு கலரை அளவு மாற்றி மாற்றிக் கலந்து கட்டம் கட்டமாகப் பூசிப் பார்ப்பது. இதைப் பலரும் போரடிக்கும் என்று தாண்டிப் போவார்கள். நானும் தாண்டியிருக்கிறேன். இந்த முறை ஒரு மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளை அதற்கே ஒதுக்கினேன். ஒரு முனையில் சுத்தமான அல்ட்ராமரைன், மறுமுனையில் சுத்தமான பர்ன்ட் சியன்னா, நடுவில் ஏழு கட்டம், கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. பர்ன்ட் சியன்னா என்பது இரும்புச்சத்துள்ள மண்ணை வறுத்து எடுத்த நிறம். நம் செங்குன்றத்து மண்ணைச் சட்டியில் போட்டு வறுத்த மாதிரி ஒரு பழுப்பு. தண்ணீர் விட்டுப் பார்த்தால் அது உண்மையில் மங்கலான ஆரஞ்சு. ஆரஞ்சுக்கு எதிர் நீலம். எதிரெதிர் நிறங்கள் ஒன்றையொன்று அடக்கிச் சாம்பலாகின்றன.

சார்ட் காய்ந்தபின் ஜன்னல் ஓரம் வைத்துப் பார்த்தேன். மூன்றாவது கட்டம் காசிமேட்டில் விடியற்காலை, ஏலம் தொடங்குவதற்கு முன் இருக்கும் வானம். ஐந்தாவது கட்டம் எண்ணூர் முகத்துவாரத்தில் சாம்பல் படிந்த தண்ணீர். ஆறாவது துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் கிளப்பிவிட்ட புழுதிக்குப் பின்னால் தெரியும் சுவர். போனில் ஐரோப்பியத் தெருவைத் தேடிக்கொண்டிருந்தவனுக்கு ஏழு கட்டத்தில் எங்கள் ஊர் கிடந்தது.

அம்மா அதைப் பார்த்துவிட்டு, “இன்னாடா இது, நீலம் போட்ட தண்ணி மாதிரி கீது” என்றாள். சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் அது சரியான பேச்சு. வெள்ளைத் துணிக்குப் போடும் பழைய நீலப் பொடி இருக்கிறதே, அதில் இருப்பதும் செயற்கை அல்ட்ராமரைன்தான். ட்யூபில் பி.பி. 29 என்று போட்டிருக்கும் அதே நிறமி. பழுப்பேறிய வேட்டியின் மஞ்சளை நீலம் அடக்கிவிடுவதால் வெள்ளையாகத் தெரிகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் துணி வெளுப்பவர்கள் குடியேறியதால் பெயர் வாங்கிய பேட்டையில் இருந்துகொண்டு, எதிர் நிறம் என்ற விஷயத்தை நான் யூட்யூபில் தேடிக்கொண்டிருந்தேன். அம்மா இதற்கெல்லாம் அசரவில்லை. பேலட்டை அவளுடைய பாத்திரம் தேய்க்கும் இடத்தில் கழுவக்கூடாது என்பதுதான் அவள் கவலை.

அதிலிருந்து காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று சுற்றத் தொடங்கினேன். காசிமேட்டில் படகுக்கு எனாமல் அடிக்கும் ஒரு அண்ணன் என் பேலட்டை எட்டிப் பார்த்தார்.

“தம்பி, வெள்ளைய ஊத்து, அப்பதான் லைட்டாவும்.”

“அண்ணே, இதுல தண்ணிதான் வெள்ளை.”

“தண்ணிய ஊத்தி அடிச்சா படகு இன்னாத்துக்கு ஆவும்?”

அந்த விஷயத்தில் அவர் சொன்னது வாட்டர்கலருக்கு ஒத்துவராது. வெள்ளை சேர்த்தால் பால் ஊற்றிய மாதிரி மூடிவிடும், பேப்பரின் வெளிச்சம் போய்விடும். ஆனால் அவர் கலக்குவதைப் பார்த்து ஒன்று பிடித்துக்கொண்டேன். வெளிர் கலரை முதலில் ஊற்றி, அதில் அடர் கலரைச் சொட்டுச் சொட்டாக விடுகிறார். நான் நீலத்தில் மஞ்சளைக் கொட்டிக்கொண்டிருந்தேன். எவ்வளவு மஞ்சள் விட்டாலும் நீலம் விடாது. லெமன் யெல்லோ ட்யூப் அப்படித்தான் இரண்டே மாதத்தில் காலியானது.

1856-இல் திறந்த ராயபுரம் ஸ்டேஷனைப் பத்துத் தடவைக்கு மேல் வரைந்திருப்பேன். சிவப்புச் சுவருக்கு பர்ன்ட் சியன்னாவில் ரோஸ். நிழலுக்கு முன்பெல்லாம் கறுப்பு போடுவேன், சுவரில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். இப்போது அதே சிவப்பில் அல்ட்ராமரைன். கறுப்பு ட்யூபை எடுத்து ஒரு வருஷம் ஆகிவிட்டது.

எங்கள் ஊர்க் காற்றுக்கு இந்தக் கலர்கள் எப்படி? இதை எந்த விமர்சனத்திலும் நான் படித்ததில்லை, எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மே மாதம் மாடியில் உட்கார்ந்தால் பிரஷ் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் போவதற்குள் வாஷ், அதாவது தண்ணீராகக் கரைத்து அகலமாகப் பூசும் கலர், காய்ந்து கோடு விழும். காலை ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும். நவம்பரில் நேர் எதிர். ஒரு வாஷ் காய அரை மணிக்கு மேல் ஆகும், மேலே அடுத்த கலர் வைத்தால் காலிஃப்ளவர் மாதிரி பூக்கும். தேன் சேர்த்த ஒரு வகைக் கலர் ஆசைப்பட்டு வாங்கினேன். பேலட்டில் கடைசிவரை பிசுபிசுவென்றே இருந்தது, எறும்பும் வந்தது. ஈரமான பேலட்டை மூடி வைத்தால் மூன்றாம் நாள் பூஞ்சை.

பேப்பர்தான் பெரிய செலவு, அதில் மட்டும் கஞ்சம் பிடிக்காதீர்கள். 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) காட்டன் பேப்பர் ஒரு தாளை நாலாக வெட்டிக்கொள்கிறேன். மெல்லிய பேப்பரில் போட்ட சார்ட் பொய் சொல்லும். பேப்பருக்கும் ஈரக்காற்று ஆகாது. மேலே பூசியிருக்கும் பசை கெட்டுப்போனால் கலர் திட்டுத்திட்டாக உள்ளே இறங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். கட்டிலடியில் இருந்த ஒரு கட்டு பேப்பரும் பழைய படங்கள் பாதியும் போயின. ஐரோப்பியத் தெரு போனதில் வருத்தமில்லை.

அந்த வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூரில் படர்ந்ததைப் போய்ப் பார்த்தேன். படகுகளில் கறுப்புக் கோடு. அந்தக் கறுப்பு தாலோ ப்ளூ, சியன்னா, ரோஸ் மூன்றையும் கெட்டியாகக் கலந்ததில் கிடைத்தது. தண்ணீர்மேல் மினுங்கிய வானவில் கிடைக்கவில்லை. கிடைக்காது, அது நிறமி இல்லை, மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் ஒளி செய்யும் வேலை. அந்தப் படத்தில் அந்த இடத்தை வெறும் பேப்பராக விட்டிருக்கிறேன். வரைந்தவற்றில் எனக்குப் பிடித்தது அதுதான், வேறு யாருக்கும் பிடிக்கவில்லை.

வெயில் சோதனையும் செய்தேன். மேற்கு ஜன்னலில் கலர் பட்டைகளை ஒட்டி, பாதியைப் பழைய காலண்டர் அட்டையால் மூடி, மார்ச் முதல் ஆகஸ்ட் வரை விட்டேன். பழைய பெட்டியின் ரோஸ் கிட்டத்தட்ட வெள்ளைப் பேப்பர் ஆகிவிட்டது. அதில் வரைந்த ரோஜாவை ஒருவருக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுத்திருக்கிறேன், அவர்கள் வீட்டில் அது எந்தச் சுவரில் மாட்டியிருக்கிறதோ. குவினக்ரிடோன் ரோஸ், அல்ட்ராமரைன், சியன்னா மூன்றும் அசையவில்லை.

தண்ணீர் பற்றி ஒரு வரி. எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதில் கலக்கினால் அல்ட்ராமரைன் இன்னும் திரிதிரியாகப் படிவதாக என் கண்ணுக்குத் தெரிகிறது. வானத்துக்கு மெட்ரோ வாட்டர், சுண்ணாம்பு உதிர்ந்த சுவருக்கு போர் தண்ணீர் என்று இரண்டு டம்ளர் வைத்திருக்கிறேன்.

அல்ட்ராமரைன் இப்போது நாலாவது ட்யூப், சியன்னா மூன்றாவது. பச்சை இன்னும் கைவரவில்லை. காசிமேட்டுப் பூவரசு ஒவ்வொரு தடவையும் பிளாஸ்டிக் மரமாகிறது, அதனால் ஆறு மாதமாக மரம் இல்லாத இடமாகப் பார்த்து உட்காருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அதை ஒரு கை பார்க்கலாம் என்று லெமன் யெல்லோவை எடுத்தால் மூடி ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெந்நீரில் ஐந்து நிமிஷம் நிறுத்தி வைத்தால் கழன்றுவிடும், பல்லால் கடித்துத் திருகாதீர்கள்.