அம்மாவின் எம்.எஸ். நீலப் புடவையும் ஸ்பைடர்எக்ஸ் ப்ரோவும்

வேலூரில் வெயில் எல்லாவற்றையும் வெளுக்க வைக்கும் என்பார்கள். என் வீட்டு பிரிண்டரில் எல்லாம் கறுத்துத்தான் வந்தது. ஆரணியில் நடந்த கல்யாணத்தில் எடுத்த படம் ஒன்றை அம்மாவுக்காக பிரிண்ட் போட்டேன். ஸ்கிரீனில் அவ்வளவு பளிச்சென்று இருந்த படம், காகிதத்தில் மழை வரும் சாயங்காலம் மாதிரி வந்து விழுந்தது, அதிலும் அம்மா கட்டியிருந்த எம்.எஸ். நீலப் பட்டுப்புடவை ஊதாவாகவே மாறியிருந்தது. "என்னடா இது, நான் கத்திரிக்காய் கலரா கட்டியிருந்தேன்?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அந்தக் கேள்விக்காக நான் வீணாக்கிய போட்டோ பேப்பர் ஒரு பாக்கெட். கொஞ்சம் வெளிச்சத்தைக் கூட்டிப் போட்டால் முகம் வெளுத்தது, நீலத்தைக் குறைத்தால் மாலையில் இருந்த மரிக்கொழுந்து பழுப்பாகியது. கடைசியில் காட்பாடியில் கல்யாண போட்டோ எடுக்கும் நண்பர், தான் புதிதாக வேறொன்று வாங்கிவிட்டதாகச் சொல்லி, பழைய ஸ்பைடர்எக்ஸ் ப்ரோவை எனக்குப் பாதி விலைக்குக் கொடுத்தார். டேட்டாகலர் நிறுவனம் 2019இல் கொண்டுவந்த மாடல் இது. மானிட்டர் காட்டும் நிறத்தை அளந்து, அதற்கு ஒரு ஐசிசி ப்ரொஃபைல், அதாவது நிறத்தை எப்படித் திருத்திக் காட்ட வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஒரு கோப்பு, எழுதிக் கொடுப்பதுதான் வேலை. ஐந்து மாதமாக வைத்திருக்கிறேன்.

பயன்படுத்துவது சுலபம். கையடக்கமான சின்னப் பெட்டி, யூ.எஸ்.பி. ஒயர், அந்த ஒயரிலேயே ஓடும் மூடி. மூடியை மானிட்டரின் பின்பக்கம் தொங்கவிட்டால் அதுவே எடைக்கல், முன்னால் சென்சார் கண்ணாடியோடு ஒட்டி நிற்கும். மானிட்டரைக் கொஞ்சம் பின்னால் சாய்க்க வேண்டும், இல்லாவிட்டால் இடுக்கில் டியூப்லைட் வெளிச்சம் புகுந்துவிடும். அப்புறம் ஸ்கிரீனில் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, சாம்பல் என்று ஒவ்வொன்றாக வந்து போகும். இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது.

எனக்கு அடி விழுந்தது வெளிச்சத்தை அளந்தபோதுதான். கருவியோடு வரும் மென்பொருள் கேட்டது 120 கேண்டெலா (ஸ்கிரீன் வெளிச்சத்தின் அளவு, சதுர மீட்டருக்கு), என் மானிட்டர் எரிந்துகொண்டிருந்தது 270ல். அதாவது இரண்டு மடங்குக்கும் மேலான வெளிச்சத்தில் உட்கார்ந்து படத்தைத் திருத்திவிட்டு, பிரிண்ட் இருட்டாக வருகிறது என்று பிரிண்டரைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். ஸ்கிரீன் தானே எரிகிற விளக்கு, காகிதமோ அறையில் இருக்கும் வெளிச்சத்தைத் திருப்பித் தருவதோடு சரி. பிரைட்னஸை 90லிருந்து 24க்கு இறக்கினேன். முதல் நாள் லோ வோல்டேஜ் நேரம் மாதிரி கண்ணைக் கசக்கிக்கொண்டு இருந்தேன், மூன்றாம் நாள் பழகிவிட்டது. கல்யாணப் படத்தை அந்த ஸ்கிரீனில் மறுபடி திருத்திப் போட்டதும் முகங்களின் வெளிச்சம் சரியாக வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் இந்த ஒரு காரியத்துக்குக் கருவியே வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளை மானிட்டர் பக்கத்தில் பிடித்து, ஸ்கிரீனின் வெள்ளையும் தாளின் வெள்ளையும் ஏறக்குறைய ஒரே வெளிச்சமாகத் தெரியும் வரை பிரைட்னஸை இறக்கினாலே பாதிக் கிணறு தாண்டிவிடலாம்.

மீதி பாதியில் கருவிக்கு வேலையே இல்லை, வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். இது மானிட்டரை மட்டும்தான் சரிசெய்யும், பிரிண்டர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. நான் கோட்டைச் சுவர் படம் ஒன்றை வைத்து பிரிண்டரைச் சோதித்தேன். கருங்கல் சாம்பல் நிறம் என்பதால் துளி சாயம் ஏறினாலும் காட்டிக்கொடுத்துவிடும். பிரிண்டில் சுவர் ரோஜா நிறத்தில் வந்தது. காரணம் என் பிழைதான். எடிட்டிங் மென்பொருளும் நிறத்தை மாற்றுகிறது, பிரிண்டர் டிரைவரும் தன் பங்குக்கு மாற்றுகிறது. சாம்பாருக்கு அம்மா ஒரு தடவை, அப்பா ஒரு தடவை உப்புப் போட்ட கதை. டிரைவரில் கலர் திருத்தத்தை அணைத்து, பஜாரில் வாங்கிய பெயர் தெரியாத பேப்பரை விட்டுவிட்டு, பிரிண்டர் கம்பெனியின் பேப்பரையும் அதற்குரிய ப்ரொஃபைலையும் போட்டதும் கருங்கல் கருங்கல்லாக வந்தது.

புடவை மட்டும் மசியவில்லை. ஜிம்ப் என்ற எடிட்டிங் மென்பொருளில் சாஃப்ட் புரூஃப், அதாவது அச்சு எப்படி வரும் என்று ஸ்கிரீனிலேயே காட்டும் வசதியைப் போட்டு, அச்சில் வராத நிறங்களைக் காட்டச் சொன்னபோது புடவை முழுக்க எச்சரிக்கை நிறத்தில் நிரம்பிவிட்டது. அந்த அடர்நீலத்தை ஸ்கிரீனால் காட்ட முடியும், என் இங்க்கால் முடியாது. எந்தக் கருவி வாங்கினாலும் இது மாறாது. நீலத்தை மட்டும் பிரித்து, கொஞ்சம் அடர்த்தியைக் குறைத்து, மயில்கழுத்துப் பக்கம் ஒரு சிட்டிகை தள்ளினேன். நாலாவது பிரிண்டில் நிஜப் புடவைக்குச் சித்தி மகள் மாதிரி ஒரு நீலம் வந்தது. பிரிண்டரிலிருந்து வந்த சூட்டோடு தீர்ப்புச் சொல்லாமல் ஒரு ராத்திரி காயவிட்டேன், மையின் நிறம் காய்ந்த பிறகுதான் நிலைக்கு வரும்.

காலையில் அம்மா பீரோவிலிருந்து புடவையையே எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு வந்துவிட்டார். பிரிண்டை முந்தானைமேல் வைத்துப் பார்த்தார், நிழலில் ஒரு தடவை, வெயிலில் ஒரு தடவை. அச்சைப் பார்க்க 5000 கெல்வின், அதாவது பகல் வெளிச்சம் மாதிரியான வெளிச்சம் வேண்டும் என்று தரவிதி சொல்கிறது, அம்மாவுக்கு அதெல்லாம் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை, கடையில் புடவை எடுக்கும்போதே வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறவர். "இப்ப பரவால்ல" என்றார்.

வாங்கலாமா என்றால், மாதம் பத்துப் படமாவது அச்சடிப்பவர், அல்லது ஆல்பம் வேலை செய்பவர் வாங்கலாம். மாதத்துக்கு ஒரு தடவை மறுபடி அளக்கச் சொல்லி நினைவூட்டும், சோம்பேறித்தனம் பார்க்காமல் செய்ய வேண்டும். வருஷத்துக்கு நாலு பிறந்தநாள் படம் போடுகிறவர் பிரைட்னஸை இறக்கிவிட்டு, அந்தக் காசுக்கு நல்ல பேப்பர் வாங்கிக்கொள்ளுங்கள். வெயிலில் சரியாக இருந்த அந்தப் படம் இப்போது ஹாலில் மஞ்சள் பல்புக்குக் கீழே தொங்குகிறது, ராத்திரி ஏழு மணிக்கு மேல் மறுபடியும் லேசாகக் கத்திரிக்காய் அடிக்கிறது. அம்மா பல்பை மாற்றச் சொல்லியிருக்கிறார்.